தலைமடை

ஞாயிறு மதியம் இரண்டு மணி.
தெரு மீன்குழம்பு தின்று தூங்கும்போது
குக்கரின் வெயிட்டைக் கழற்றிவிட்டு
அந்த மூக்கில் செம்புக்குழாயைச் செருகுகிறேன்.
இணைப்பைச் சுற்றிப் பச்சரிசி மாவுப் பசை.
ஆவிக்கு வேறு வழி கிடையாது.

குழாய் கும்பகோணத்தில் வாங்கியது, ஒன்பது சுற்று.
"ஏசிக்காம்மா?" என்றார் கடைக்காரர்.
"குளிர வைக்கத்தான்" என்றேன்.
பொய்யில்லை.

மன்னார்குடிக் கல்லூரி ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம்
பிள்ளைகள் உடைத்த பிப்பெட்டுகளுக்குக்
கணக்கு எழுதுகிறவள் நான்.
காய்ச்சி வடித்தலைப் படம் வரைந்து
ஐந்து மார்க் வாங்கிக்கொண்டு போவார்கள்.
ஒருத்தராவது
முதல் சொட்டுக்குக் காத்திருந்ததில்லை.

எனக்கு அது வேண்டும்.
பூவன்பழமும் நாட்டுச்சர்க்கரையும்
பிளாஸ்டிக் குடத்துக்குள்
பதினோரு நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கும்.
இரவில் காதை வைத்துக் கேட்பேன்.
மஸ்கட்டிலிருந்து அவர் பேசுவதைவிடக்
கொஞ்சம் அதிகமாகவே பேசும்.

குடிப்பாயா என்கிறீர்கள்.
புறங்கையில் ஒரு சொட்டு, நாக்கு நுனி, அவ்வளவுதான்.
கிரிக்கெட் பார்க்கிறவர்கள் எல்லாரும்
மட்டை பிடிக்கிறார்களா?

பாதரசம் எழுபத்தெட்டுக்கு வந்து நிற்க வேண்டும்.
அதற்கு முன்பு முந்திக்கொண்டு வருவதை
நம்பக் கூடாது.
ஆற்றில் வேறு சட்டம்.
தலைமடைக்காரனுக்கு முதல் தண்ணீர், முழுத் தண்ணீர்.
கடைமடைக்காரன் ஆடி பிறந்ததிலிருந்து
வானத்தையும் பொதுப்பணித்துறையையும்
மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பான்.
என் குழாயில் தலைமடைதான் வேண்டாதது.
நகப்பூச்சு அழிக்கிற நெடி.
ஒரு டம்ளர் பிடித்துச்
சாக்கடையில் கொட்டிவிடுவேன்.
சாராயச் சாவு என்று
பேப்பரில் பெயர்கள் வரிசையாக வரும் காலைகளில்
அந்த டம்ளர் ஞாபகம் வரும்.
விற்கிறவனுக்கு
எதையும் கொட்ட மனசு வராது,
கலக்கத்தான் வரும்.

பக்கத்து வீட்டு ஏட்டு தியாகசுந்தரம்
மதுவிலக்குப் பிரிவு.
சுவருக்கு அந்தப் பக்கம் புல்லட்டைத் துடைத்தபடி
"என்னம்மா வாசனை?" என்பார்.
"வாழைப்பழ அல்வா சார், அடிப்பிடிச்சிடுச்சு."
இரண்டு வருடமாக என் அல்வா
அடிப்பிடித்துக்கொண்டிருக்கிறது.

புயல் வந்து
தென்னையெல்லாம் ஒரே திசையில் படுத்த பிறகு
ஒன்பது நாள் கரண்ட் இல்லை.
நான்காம் இரவு
ஏட்டு மனைவி சுவரோரம் வந்து நின்றாள்.
சிலிண்டர் தீர்ந்துவிட்டது,
விறகு ஊறிக் கிடக்கிறது,
மகளுக்குப் பிள்ளை பிறந்து பதினேழு நாள்,
பால்பவுடருக்கு வெந்நீர் வேண்டும்.
"மண்ணெண்ணெய் இருக்கா செங்கமலம்?"

மண்ணெண்ணெய் இல்லை.
நாலு சீசா இருந்தது
தேன் என்று லேபிள் ஒட்டி,
சாமி அலமாரிக்குக் கீழே.

ஸ்பிரிட் விளக்கில் ஊற்றிக்கொண்டு போனேன்.
நீலச் சுடர்.
இருக்கிறதா இல்லையா என்று
கையை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும்.
பாத்திரத்தின் அடியில் துளிக் கரி ஒட்டவில்லை.

ஏட்டு குனிந்து பார்த்தார்.
மூச்சை ஒருமுறை இழுத்தார்.
வாய்க்கால் மண்ணுக்கடியில் புதைத்த ஊறலை
அக்கரையிலிருந்தே கண்டுபிடித்த மூக்கு அது.
தண்ணீர் கொதிக்கும்வரை
யாரும் எதுவும் பேசவில்லை.
"மழையில சளி பிடிச்சிருக்கு" என்றார் கடைசியில்,
யாரையும் பார்க்காமல்.

கரண்ட் வந்த மறுநாள்
சுவர்மேல் ஒரு தார் பூவன்.
புயலில் சாய்ந்த மரத்தினுடையது,
கனிந்து வெடித்து, எறும்பு மொய்க்க.
"அல்வாவுக்காம்" என்றாள் அவர் மனைவி.
"சாருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கணுமாம்."

எனக்கோ
அல்வா கிண்டத் தெரியாது.